கணனிப் பட்டம் என்றால் எந்தப் பட்டம்?



சம்பளம் போட்ட மறுநாள் காலையில் எமது நலன்புரி அலுவலகத்துக்கு ஒரு தாய் வந்தார். கொழுந்து எடுக்கும் தொழிலாளி. கணவர் தொழிற்சாலையில் ரோலர் அறையில் வேலை. கூடவே மூத்த மகளும் வந்திருந்தாள். கணிதப் பிரிவில் உயர்தரம் எழுதி மூன்று பாடமும் சித்தியடைந்த பிள்ளை. பொலித்தீன் பையிலிருந்து மூன்று கடதாசிகளை எடுத்து மேசையில் வைத்தார் அந்தத் தாய். ஒன்று பெறுபேற்றுத் தாள். மற்றது பல்கலைக்கழக அனுமதிக் கைநூலில் இருந்து கையால் எழுதி எடுத்த பாடநெறிப் பட்டியல். மூன்றாவது கொட்டாஞ்சேனையில் இருக்கும் மாமா அனுப்பிய வர்ணத் துண்டுப் பிரசுரம். அதில் "பதினெட்டு மாதத்தில் கணனிப் பட்டம்" என்று பெரிய எழுத்தில் இருந்தது.

"ஐயா, எல்லாத்துலயும் கம்பியூட்டர்னுதான் போட்டிருக்கு. அப்பறம் ஏன் இத்தன பேரு வச்சிருக்காங்க? இதுல எது நம்ம புள்ளைக்கு நல்லது?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. ஆனால் அன்றைக்கு எங்களிடம் சரியான பதில் இருக்கவில்லை. நாங்களும் பாடசாலைப் படிப்போடு நின்றவர்கள்தான். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லி ஒரு பிள்ளையின் வாழ்க்கையோடு விளையாடக் கூடாது அல்லவா? எனவே இரண்டு நாள் லீவு போட்டு, அந்தப் பிள்ளையையும் தகப்பனையும் கூட்டிக்கொண்டு இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போனோம். கொட்டாஞ்சேனையில் மாமா வீட்டில் தங்கி, ரீட் அவனியூ, வார்ட் பிளேஸ், வெள்ளவத்தை என்று நடந்து விசாரித்தோம். அங்கே கேட்டுத் தெரிந்துகொண்டதை ஒரு பாடமாக இங்கே எழுதுகிறோம். ஒரு குடும்பத்துக்குத் தேவைப்பட்டது பத்துக் குடும்பங்களுக்கு உதவட்டும்.

முதலில் ஒரு கசப்பான கதை

எமது மேல் டிவிசனைச் சேர்ந்த ஒரு தம்பியின் கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். பெயர் வேண்டாம், அவரே சம்மதித்துத்தான் எழுதுகிறோம். உயர்தரம் முடித்து வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். கடை விடுமுறை நாளில் படிக்கலாம் என்று காலி வீதிக்கு அருகில் ஒரு மாடியில் இருந்த நிறுவனத்தில் கணனிப் பட்டத்துக்குப் பதிந்தார். முதல் தவணைக் காசுக்கு அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. இரண்டாம் தவணைக்கு அப்பாவின் சர்விஸ் காசில் ஒரு பங்கு போனது.

ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அவர் படித்தது பட்டமே இல்லை. ஒரு சான்றிதழ் வகுப்பு. "பட்டத்துக்கு வழிகாட்டும் டிப்ளோமா" என்று ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருந்ததை யாரும் வாசித்துச் சொல்லவில்லை. பட்டம் தருவதாகச் சொன்ன வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தை எமது நாட்டில் அங்கீகரிக்கவும் இல்லை. கேட்கப் போன நாளில் மாடியில் பெயர்ப்பலகையும் இல்லை. தோடு இன்னும் மீளவில்லை.

இந்தத் தம்பி முட்டாள் இல்லை. இரவு பத்து மணிக்குக் கடை பூட்டிய பிறகு படித்தவர். அவருக்கு இல்லாதது அறிவல்ல, கேட்க வேண்டிய கேள்விகள். அந்தக் கேள்விகளை இந்தப் பாடத்தின் கடைசியில் தருகிறோம்.

ஒரு மரம், பல கிளைகள்

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். ஏன் இத்தனை பெயர்? கணனிக் கல்வி பெரிய மரமாக வளர்ந்து கிளை விட்டிருக்கிறது. ஏ.சி.எம்., ஐ.ஈ.ஈ.ஈ. என்ற கணனித் துறைச் சங்கங்கள் 2005 ஆம் ஆண்டில் வெளியிட்ட பாடத்திட்ட அறிக்கையில் ஐந்து கிளைகளைப் பிரித்துக் காட்டின. நமக்குத் தெரிந்த தேயிலைத் தொழிற்சாலையை வைத்து அவற்றை விளங்கிக்கொள்வோம்.

1. கணனி விஞ்ஞானம். கொழுந்து ஏன் வாடுகிறது, ஏன் நிறம் மாறுகிறது, எத்தனை நேரத்தில் பதம் வருகிறது என்று காரணம் அறிந்தவர் டீமேக்கர். கணனி விஞ்ஞானமும் அப்படித்தான். ஒரு கணக்கைக் கணனி எப்படிச் செய்கிறது, விரைவாகச் செய்ய என்ன வழி, செய்யவே முடியாத கணக்கு எது என்று அடிப்படையைப் படிப்பது. கணிதம் கூடுதலாக வரும். நிரல் எழுதுதல், தரவுத்தளம், செயற்கை நுண்ணறிவு எல்லாம் இதற்குள் வரும்.

2. கணனிப் பொறியியல். ரோலரும் டிரையரும் எப்படிச் சுற்றுகின்றன, மோட்டாருக்குள் என்ன நடக்கிறது என்று அறிவது. கணனியின் உள்ளே இருக்கும் மின்சுற்று, சிப்பு, அவற்றோடு பேசும் நிரல் என்று படிப்பார்கள். இது பொறியியல் பீடத்துப் படிப்பு.

3. மென்பொருள் பொறியியல். ஒருவர் தனியாக ஒரு கைப்பிடி தேயிலை செய்யலாம். ஆனால் நாளுக்கு ஆயிரக்கணக்கான கிலோ கொழுந்தைப் பல பேர் சேர்ந்து பிழையில்லாமல் தேயிலையாக்குவது வேறு வேலை. பெரிய மென்பொருளைப் பல பேர் சேர்ந்து திட்டமிட்டு, எழுதி, சோதித்து, பல வருடம் பராமரிப்பது எப்படி என்று கற்பிப்பது இந்தப் பட்டம்.

4. தகவல் முறைமைகள். இது தோட்டத்து ஒபீஸ் மாதிரி. செக்ரோல், கொழுந்து நிறை, சம்பளம், சேமலாப நிதி எல்லாம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். ஒரு நிறுவனத்துக்கு என்ன கணக்கு, என்ன அறிக்கை தேவை என்று விளங்கி அதற்கேற்ற கணனி முறையை அமைப்பது. முகாமைத்துவமும் கணக்கியலும் இதில் கலந்து வரும்.

5. தகவல் தொழில்நுட்பம். தொழிற்சாலை ஓடிக்கொண்டே இருக்கப் பார்த்துக்கொள்பவரின் வேலை. வலையமைப்பு, சேவையகம், பாதுகாப்பு, பாவனையாளர்களுக்கு உதவி என்று நடைமுறைப் பக்கம் கூடுதல்.

2020 ஆம் ஆண்டில் வந்த புதிய அறிக்கையில் இணையப் பாதுகாப்பையும் ஒரு கிளையாகச் சேர்த்தார்கள். தரவு விஞ்ஞானமும் வளர்ந்துவருகிறது. முப்பது வருடத்துக் கொழுந்துக் கணக்குப் புத்தகத்தைப் பார்த்து அடுத்த மாதம் எந்த மலையில் விளைச்சல் கூடும் என்று சொல்லும் பெரிய கிளார்க்கரின் வேலையைக் கணனியால் செய்வதுதான் தரவு விஞ்ஞானம் என்று சொல்லலாம்.

இங்கே இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். முதலாவது, பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளடக்கம் ஒன்றாக இருக்காது. ஒரு இடத்தில் "தகவல் தொழில்நுட்பம்" என்ற பெயரில் நிரல் எழுதுதலே நிறைய இருக்கும். இன்னொரு இடத்தில் அதே பெயரில் வேறு பாடங்கள் இருக்கும். எனவே பாடப்பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். இரண்டாவது, முதல் வருடத்தில் எல்லாக் கிளைகளிலும் பாடங்கள் பெரும்பாலும் ஒத்துப்போகும். நிரல் எழுதுதல், அடிப்படைக் கணிதம், தரவுத்தளம் எல்லாவற்றிலும் உண்டு. மென்பொருள் கம்பனிகளில் இந்த ஐந்து கிளையிலும் படித்தவர்கள் அருகருகே இருந்து வேலை செய்கிறார்கள்.

ஆகவே கிளை கொஞ்சம் தப்பினாலும் மரத்தில் ஏறலாம். மரமே பொய்யாக இருந்தால் விழத்தான் வேண்டும். எந்தக் கிளை என்று யோசிக்கும் நேரத்தைவிட, எந்த வாசல், யார் தரும் பட்டம் என்று பார்ப்பதற்குக் கூடுதலான நேரம் கொடுங்கள்.

முதலாம் வாசல்: அரச பல்கலைக்கழகம்

படிப்புக் கட்டணம் இல்லாத வாசல் இது. ரீட் அவனியூவில் யூ.சி.எஸ்.சி. என்று எல்லோரும் அழைக்கும் கொழும்புப் பல்கலைக்கழகக் கணனிக் கல்லூரி இருக்கிறது. 1987 இல் தொடங்கிய கணனித் தொழில்நுட்ப நிறுவகத்தையும் பல்கலைக்கழகத்தின் கணனி விஞ்ஞானத் துறையையும் சேர்த்து 2002 இல் உருவாக்கியது. இதற்கு அடித்தளம் போட்டவர் பேராசிரியர் வீ. கே. சமரநாயக்க. 2007 இல் காலமானார். இங்கே கணனி விஞ்ஞானம், தகவல் முறைமைகள் ஆகிய பட்டங்கள் இருக்கின்றன.

மொறட்டுவையில் பொறியியல் பீடத்துக்குள் கணனி விஞ்ஞானமும் பொறியியலும் என்ற துறை 1985 முதல் இருக்கிறது. அதே பல்கலைக்கழகத்தில் தகவல் தொழில்நுட்பத்துக்கென்று தனிப் பீடம் 2001 இல் வந்தது. பேராதனைப் பொறியியல் பீடத்தில் கணனிப் பொறியியல் துறை உண்டு. களனியில் மென்பொருள் பொறியியல் உண்டு. யாழ்ப்பாணத்தில் கணனி விஞ்ஞானம் உண்டு. வவுனியா வளாகம் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகம். பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ, பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவ ஆகிய இரண்டும் நமது மலைகளுக்குக் கிட்ட இருக்கின்றன. அங்கேயும் கணனிப் பட்டங்கள் உண்டு.

பொறியியல் பீடங்களுக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் வேண்டும். வேறு சில கணனிப் பட்டங்களுக்கு மற்றப் பிரிவுப் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம். தொழில்நுட்பப் பிரிவில் படித்த பிள்ளைகளுக்குத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பட்டம் என்று ஒரு தனி வழி இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் பெறுபேறு வந்த பிறகு பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் கைநூலில் இதெல்லாம் தமிழிலேயே எழுதியிருக்கும். பழைய கைநூலைப் பார்த்து விண்ணப்பிக்காதீர்கள். அந்த வருடத்துக் கைநூல்தான் சட்டம்.

மாவட்டக் கணக்கைப் பெற்றோர் கட்டாயம் விளங்கிக்கொள்ள வேண்டும். பெரும்பாலான பாடநெறிகளுக்கு நூற்றுக்கு 40 இடம் முழு நாட்டுத் திறமைப்படி. 55 இடம் மாவட்ட சனத்தொகைப்படி. மீதி 5 இடம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக. நுவரெலியா, பதுளை, மொனராகலை, இரத்தினபுரி நான்கும் அந்தப் பதினாறில் இருக்கின்றன.

இதனால் ஒரு எச்சரிக்கை. "கொழும்பில் நல்ல டியூசன் இருக்கிறது, வெள்ளவத்தைப் பாடசாலையில் சேர்த்துவிடுவோம்" என்று சில பெற்றோர் உயர்தரத்துக்குப் பிள்ளையைக் கொழும்புக்கு மாற்றுகிறார்கள். பரீட்சைக்கு முந்திய மூன்று வருடத்தில் கூடுதலான காலம் எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தாரோ அந்த மாவட்டக் கணக்கில்தான் பிள்ளை சேரும். கொழும்பு வெட்டுப்புள்ளி உயரமானது. விடுமுறையில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ டியூசனுக்குப் போகட்டும். பாடசாலையை மாற்றுவதற்கு முன் பத்துத் தடவை யோசியுங்கள்.

இன்னொன்று விருப்ப வரிசை. விண்ணப்பத்தில் பாடநெறிகளை முதலாவது, இரண்டாவது என்று வரிசையாகக் குறிக்க வேண்டும். ஒரே பாடம் இரண்டு பல்கலைக்கழகத்தில் இருந்தால் இரண்டுக்கும் வேறு வேறு குறியீட்டு இலக்கம். "இது நமக்கெங்கே கிடைக்கப் போகுது" என்று பயந்து, விரும்பியதைக் கீழே போட்டுவிட்டுக் கிடைக்கக்கூடியதை மேலே போடும் பழக்கம் நமது பிள்ளைகளிடம் உண்டு. அது பிழை. இசட் புள்ளிக்கு எட்டக்கூடியதில் மேலே இருப்பதைத்தான் தருவார்கள். எனவே உண்மையான விருப்பப்படி மேலிருந்து கீழே எழுதுங்கள். எட்டாத ஒன்றை மேலே போட்டதற்காகக் கீழே இருப்பது பறிபோகாது.

இரண்டாம் வாசல்: வேலை செய்துகொண்டே வெளிவாரிப் பட்டம்

இசட் புள்ளி போதவில்லை என்றால் உலகம் முடிந்துவிடாது. யூ.சி.எஸ்.சி. நிறுவனமே பி.ஐ.ரி. என்ற வெளிவாரித் தகவல் தொழில்நுட்பப் பட்டத்தை 2000 ஆம் ஆண்டு முதல் நடத்துகிறது. மூன்று வருடம். பாடத்திட்டமும் பரீட்சையும் பல்கலைக்கழகத்துடையது. படிப்பது நம் பொறுப்பு. தனியாகவும் படிக்கலாம், தனியார் வகுப்புக்குப் போயும் படிக்கலாம். முதல் வருடம் சித்தியடைந்து நின்றால் டிப்ளோமா, இரண்டு வருடத்தோடு நின்றால் உயர் டிப்ளோமா, மூன்றும் முடித்தால் பட்டம். நடுவழியில் நின்றாலும் கையில் ஏதோ ஒன்று இருக்கும்.

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் கடைகளில் நிற்கும் நமது பிள்ளைகளுக்கு ஏற்ற வாசல் இது. ஆனால் இலேசானது என்று நினைக்க வேண்டாம். பதிபவர்கள் நிறைய, முடிப்பவர்கள் குறைவு. காலை எட்டு முதல் இரவு பத்து வரை கடையில் நின்றுவிட்டு லொட்ஜ் அறையில் ஆறு பேருக்கு நடுவே படிப்பது என்ன பாடு என்று அந்த அறையில் படுத்தவருக்குத்தான் தெரியும். ஒழுங்கு இருந்தால் முடியும்.

நாவலையில் இருக்கும் திறந்த பல்கலைக்கழகமும் அரச பல்கலைக்கழகம்தான். 1980 இல் தொடங்கியது. கண்டியிலும் அதன் பிராந்திய நிலையம் இருக்கிறது. கட்டணம் உண்டு, ஆனால் பாடம் பாடமாகக் கட்டிப் படிக்கலாம்.

மூன்றாம் வாசல்: டிப்ளோமாவில் ஏறிப் பட்டத்துக்கு

உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகத்தின் கீழ் இருக்கும் அரச நிறுவனங்களில் தகவல் தொழில்நுட்ப உயர் தேசிய டிப்ளோமா இருக்கிறது. கொழும்பு 15, தெஹிவளை, கண்டி, பதுளை, நாவலப்பிட்டி என்று பல ஊர்களில் கிளைகள் உண்டு. எல்லாக் கிளையிலும் எல்லாப் பாடமும் இல்லை, விசாரித்துப் போங்கள். தொழிற்பயிற்சி வழியாக என்.வீ.கியூ. 5, 6 என்று ஏறுபவர்களுக்கு 7 ஆம் மட்டம் பட்டம். அதற்காகவே 2008 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இரத்மலானையில் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் ஒன்று அமைந்தது.

நான்காம் வாசல்: காசு கட்டிப் படிக்கும் பட்டம்

இதில் நல்லதும் உண்டு, போலியும் உண்டு. 1999 இல் தொடங்கி இப்போது மாலபேயில் இருக்கும் எஸ்.எல்.ஐ.ஐ.ரி. தன் பெயரிலேயே பட்டம் தர அரச அங்கீகாரம் பெற்றது. வெள்ளவத்தை இராமகிருஷ்ணா வீதியில் இருக்கும் ஐ.ஐ.ரி. 1990 இல் தொடங்கியது. அங்கே இங்கிலாந்தின் வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகத்தின் பட்டம் கிடைக்கும். இவை அறியப்பட்ட இடங்கள். ஆனால் கட்டணம் பல இலட்சம். ஒரு நாள் பேர் போட்டால்தான் சம்பளம் என்று வாழும் வீட்டுக்கு இது மலையேற்றம்.

உயர்தரம் சித்தியடைந்தும் அரச பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளைகளுக்கு அரசாங்கம் 2017 முதல் வட்டியில்லாக் கடன் திட்டம் ஒன்றை நடத்தி வந்திருக்கிறது. அங்கீகரித்த நிறுவனங்களில், குறித்த பட்டங்களுக்கு மட்டும். படித்து முடித்த பிறகு தவணையில் திருப்பிக் கட்ட வேண்டும். அது கடன்தான், இனாம் இல்லை. விண்ணப்பம் கோரும் காலத்தைப் பத்திரிகையிலும் உயர்கல்வி அமைச்சின் அறிவித்தலிலும் பார்க்க வேண்டும்.

பட்டத்தின் படி

எல்லாப் பட்டமும் ஒரே உயரம் இல்லை. இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் டிப்ளோமா 3 ஆம் மட்டம், உயர் டிப்ளோமா 4 ஆம் மட்டம், மூன்று வருடப் பட்டம் 5 ஆம் மட்டம், நான்கு வருடச் சிறப்புப் பட்டம் 6 ஆம் மட்டம். "பட்டத்துக்குச் சமன்" என்று யாராவது சொன்னால் "எந்த மட்டம்?" என்று கேளுங்கள். நேர்மையானவர்கள் இலக்கத்தைச் சொல்வார்கள்.

காசும் ஆங்கிலமும்

அரச பல்கலைக்கழகத்துக்குப் படிப்புக் கட்டணம் இல்லை என்றாலும் சாப்பாடு, விடுதி, பஸ் காசு, ஒரு மடிக்கணனி என்று செலவு உண்டு. 1981 இல் தொடங்கிய மகாபொல புலமைப்பரிசில் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு உதவும். 2025 வரவு செலவுத் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாவாக இருந்ததை 7,500 ரூபாவாக உயர்த்தினார்கள். வருமான விபரம் கேட்கும்போது கிராம சேவகரிடமும் தோட்ட ஒபீசிலும் கடிதம் எடுக்க வேண்டி வரும். கடைசி நாள் வரை வைத்திருக்காதீர்கள். அந்தக் கடிதங்களுக்கு எமது அலுவலகம் உதவும்.

கணனிப் பட்டங்கள் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன. தமிழில் படித்து நல்ல புள்ளி எடுத்த பிள்ளைகள் முதல் அரையாண்டில் தடுமாறுவதற்குக் காரணம் கணனி அல்ல, ஆங்கிலம். பரீட்சை முடிந்து பல்கலைக்கழகம் தொடங்கும் வரை மாதக்கணக்கில் காலம் கிடைக்கும். அந்தக் காலத்தைக் கடையில் நின்று கழித்தாலும் ஒரு மணித்தியாலம் ஆங்கிலத்துக்கு ஒதுக்குங்கள்.

"செயற்கை நுண்ணறிவு வந்துட்டுது, இனிக் கணனி படிச்சு வேலையில்ல" என்று மாமா சொன்னார். கணனியே நிரல் எழுதுவது உண்மைதான். இலேசான வேலைகள் குறையும், புதிதாக வருபவர்களுக்குப் போட்டி கூடும். அதனால்தான் ஒரே ஒரு மென்பொருளை மட்டும் பழக்கும் குறுகிய வகுப்பைவிட, அடிப்படைக் கணிதத்தையும் யோசிக்கும் முறையையும் கற்பிக்கும் பட்டம் நல்லது. கருவி மாறும், யோசிக்கத் தெரிந்தவர் புதிய கருவியையும் பழகிக்கொள்வார்.

காசு கட்டுவதற்கு முன் ஏழு கேள்விகள்

இந்தப் பகுதியை வெட்டி லயத்துச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

1. கடைசியில் கையில் கிடைப்பது பட்டமா, டிப்ளோமாவா, சான்றிதழா? அந்தப் பத்திரத்தில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும்?
2. உள்நாட்டு நிறுவனம் என்றால், பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் 25ஏ பிரிவின் கீழ் இந்தப் பட்டத்துக்கு அங்கீகாரம் உண்டா? நிறுவனத்துக்கு மட்டும் அல்ல, இந்தப் பட்டத்துக்கு.
3. வெளிநாட்டுப் பட்டம் என்றால், அந்தப் பல்கலைக்கழகத்தை மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா? வார்ட் பிளேஸில் இருக்கும் ஆணைக்குழுவிடம் நேரே கேட்கலாம்.
4. மொத்தம் எத்தனை ரூபா? பதிவுக் காசு, பரீட்சைக் காசு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகக் காசு எல்லாம் சேர்த்து எழுத்தில் தருவார்களா? பவுண் விலை ஏறினால் கட்டணமும் ஏறுமா?
5. நடுவில் நிறுத்தினால் காசு திரும்புமா? அதுவரை படித்ததற்கு என்ன பத்திரம் கிடைக்கும்?
6. பாடப்பட்டியல் எங்கே? விரிவுரையாளர்கள் யார்? கணனி அறையைப் பார்க்கலாமா?
7. போன வருடம் முடித்த இரண்டு மூன்று பேரோடு பேசலாமா?

இவற்றில் ஒன்றுக்காவது "நாளைக்குச் சொல்கிறோம், இன்றைக்குக் கட்டினால் கழிவு உண்டு" என்று பதில் வந்தால் எழும்பி வந்துவிடுங்கள். நல்ல பட்டம் நாளைக்கும் இருக்கும்.

அந்தப் பிள்ளை என்ன செய்தாள்?

துண்டுப் பிரசுரத்தில் இருந்த முகவரிக்கும் போனோம். இந்த ஏழு கேள்வியையும் அந்தப் பிள்ளையே கேட்டாள். முதலாவது கேள்விக்கே பதில் சுற்றிச் சுற்றி வந்தது. வெளியே வந்ததும் மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நான் நல்லதுன்னு நெனச்சுத்தான் அனுப்பினேன் மச்சான்" என்றார் தகப்பனிடம். அவர் மேல் குற்றமில்லை. நல்ல மனதோடு வரும் பிழையான தகவல்தான் நமது குடும்பங்களுக்குக் கூடுதலான நட்டத்தைத் தருகிறது.

அன்று பின்னேரம் கொட்டாஞ்சேனை வீட்டில் தரையில் கைநூலை விரித்து வைத்துக்கொண்டு விருப்ப வரிசையை எழுதினோம். அவளுக்குக் கணிதத்தில்தான் ஆசை. எனவே கணனி விஞ்ஞானம் முதலில், எந்த ஊராக இருந்தாலும். அதற்குப் பிறகு தகவல் தொழில்நுட்பமும் தகவல் முறைமைகளும். தகப்பனுக்கு ஒரே கவலைதான்: "யாழ்ப்பாணம் தூரமில்லையா ஐயா?" மகள் சொன்னாள்: "தூரம்னாலும் அது உண்மையான பட்டம் அப்பா." அதற்குப் பிறகு அவர் ஒன்றும் சொல்லவில்லை.

விண்ணப்பம் போய்விட்டது. வெட்டுப்புள்ளி இன்னும் வரவில்லை. எது கிடைக்கும் என்று இப்போது சொல்ல முடியாது. கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதையும் அந்தக் குடும்பம் முடிவு செய்து வைத்திருக்கிறது: மாமா வீட்டில் தங்கி, வேலை செய்துகொண்டு, பி.ஐ.ரி. பட்டம். தோடு அடகுக்குப் போகாது.

மேல் டிவிசன் தம்பியும் இந்த வருடம் பி.ஐ.ரி. பதிந்திருக்கிறார். "ஒரு வருசம் போச்சு ஐயா, ஆனா புத்தி வந்துருச்சு" என்று சிரித்தார். அந்தப் புத்தி மற்றப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கிடைக்கட்டும் என்றுதான் தன் கதையை எழுதச் சொன்னார்.

வீட்டில் பேசிப் பார்க்கச் சில வினாக்கள்

1. எமது மாவட்டம் பின்தங்கிய 16 மாவட்டங்களில் ஒன்றா? உயர்தரத்துக்குப் பாடசாலை மாறினால் எதை இழப்போம்?
2. டிப்ளோமா, பட்டம், சிறப்புப் பட்டம் ஆகியவற்றின் மட்டங்கள் எவை?
3. எமது பிள்ளைக்குப் பிடித்தது கணிதமா, இயந்திரமா, கணக்கு வழக்கா? அதற்கு எந்தக் கிளை பொருந்தும்?
4. முதலாவது வாசல் மூடினால் எமது இரண்டாவது வாசல் எது?

இந்த நான்குக்கும் பதில் எழுதிக்கொண்டு எமது அலுவலகத்துக்கு வாருங்கள். அம்மா, அப்பா, பிள்ளை மூவரும் சேர்ந்து வாருங்கள். காசு கட்டிய பிறகு வர வேண்டாம், கட்டுவதற்கு முன் வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர்